வேலி விழுந்தால் யார் நிமிர்த்துவது? நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சட்டம் இயற்றும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவில் நிற்கும் பலகை வேலி சாய்ந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார்? இந்த எளிய கேள்விக்கு உங்கள் சட்டத்தில் பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பதில் இல்லாத இடத்தை வதந்தி நிரப்புகிறது. இடப்பக்க வேலி நம்முடையது, வலப்பக்க வேலி அடுத்தவருடையது என்பார்கள். கம்பங்கள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ அந்தப் பக்கத்தார்தான் உரிமையாளர் என்பார்கள். இரண்டுமே சட்டவிதி அல்ல. ஆனாலும் மக்கள் இவற்றை நம்பித்தான் செலவு செய்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள்.

பத்திரத்தைப் பார் என்று அறிவுரை சொல்வது எளிது. 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, பதிவேட்டு வரைபடத்தில் உள்ள எல்லை பெரும்பாலும் தோராயமான எல்லைதான்; துல்லியமான கோடு அல்ல. நகரப்பகுதி வரைபடங்கள் பொதுவாக 1:1250 அளவில் வரையப்படுகின்றன. அதில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 1.25 மீட்டர் அகலம் பிடிக்கும். அப்படியொரு கோட்டை வைத்துக்கொண்டு நான்கு அங்குலக் கம்பம் யாருடையது என்று எப்படி முடிவு செய்வது? பழைய பத்திர வரைபடங்களில் 'டி' வடிவக் குறி இருந்தால் பொறுப்பு எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். ஆனால் அந்தக் குறியைப் பற்றிப் பத்திரத்தின் வாசகத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்றால் அதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு கிடையாது. வீடு விற்பவர் நிரப்பும் விவரப் படிவம் ஒவ்வொரு பக்க எல்லைக்கும் யார் பொறுப்பு என்று கேட்கிறது. 'தெரியாது' என்று குறித்துவிட்டுப் போகவும் அதே படிவம் இடம் தருகிறது.

உரிமையாளர் யார் என்று ஐயமின்றித் தெரிந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. தன் வேலியைப் பழுதுபார்த்தே ஆகவேண்டும் என்ற பொதுவான கடமை அவருக்கு இல்லை. வேலியைப் பராமரிப்பேன் என்று முதலில் வாங்கியவர் எழுதிக்கொடுத்த உறுதிமொழியும், அடுத்து வாங்குபவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. 1885இல் ஆஸ்டர்பெரி வழக்கில் வகுக்கப்பட்ட இந்த நிலையை 1994இல் ரோன் எதிர் ஸ்டீஃபன்ஸ் வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. இதை மாற்றலாம் என்று சட்ட ஆணையம் 2011இலேயே பரிந்துரை செய்துவிட்டது. அந்த அறிக்கையை ஏன் இன்னும் கிடப்பில் வைத்திருக்கிறீர்கள்?

உங்களுக்கு அக்கறையே இல்லை என்று சொல்லமாட்டேன். இரு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முன்னறிவிப்பு, நிபுணர் மதிப்பீடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் மரவேலி அதற்குள் வராது. உயர்ந்து வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கும் பசுமைமாறாச் செடிவேலிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி மன்றத்திடம் முறையிடலாம். சுவருக்கு வழி உண்டு, செடிக்கு வழி உண்டு. மிக அதிகமான தோட்டங்களைப் பிரித்து நிற்கும் சாதாரணப் பலகை வேலியை மட்டும் கைவிட்டுவிட்டீர்கள்.

2022 பிப்ரவரியில் யூனிஸ் புயல் வீசியபோது எங்கள் தெருவிலும் வேலிகள் விழுந்தன. பல வீட்டுக் காப்புறுதிகள் புயலில் சாயும் வேலிக்கு இழப்பீடு தருவதில்லை. ஒருவர் செலவை ஏற்க மறுத்தால் மற்றவருக்கு இருப்பது இரண்டே வழிகள்: தன் நிலத்துக்குள் தன் செலவில் இன்னொரு வேலி போடுவது, அல்லது வழக்கறிஞரைத் தேடிப்போவது. விழுந்த பலகைகளைவிடப் பன்மடங்கு பணத்தை வழக்கு விழுங்கிவிடும். நேற்றுவரை சாவியைக் கொடுத்துவைத்துவிட்டு ஊருக்குப் போன குடும்பங்கள் இன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது, ஏனென்றால் அவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர்.

வேறு நாடுகள் இதைத் தீர்த்திருக்கின்றன. நியூசிலாந்தின் 1978ஆம் ஆண்டு வேலிச் சட்டப்படி, போதுமான ஒரு வேலிக்கு இரு பக்கத்தாரும் சமமாகப் பங்களிக்க வேண்டும். எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பு இருந்தால் அடுத்தவர் 21 நாட்களுக்குள் பதில் அறிவிப்புத் தர வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டமும் பாதிப் பாதி என்றே தொடங்குகிறது. கூடுதல் உயரமோ அழகோ வேண்டுமென்றால், வேண்டுபவரே அந்த வித்தியாசத்தைக் கட்டுவார். ஒருவரின் அலட்சியத்தால் வேலி சேதமானால் முழுச் செலவும் அவருடையது. கலிஃபோர்னியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. பாதிப் பங்கு ஒருவருக்குத் தாங்க முடியாத சுமையாகுமா என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் என்ன செய்வார் என்ற நியாயமான கவலைக்கு அதில் விடை இருக்கிறது.

எல்லைக்கோட்டுத் தகராறுகளைத் தீர்க்க ஒரு தனிநபர் மசோதா உங்கள் அவைகளுக்குப் பலமுறை வந்து, சட்டமாகாமலே போனது. நான் கேட்பது அதைவிடச் சிறியது. கோடு எங்கே என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கும் சாதாரண வேலிக்காவது ஒரு சட்டம் வேண்டும்: பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை செலவு பாதிப் பாதி, எழுத்தில் அறிவிப்பு, குறிப்பிட்ட கெடு, ஒத்துவராவிட்டால் வழக்கறிஞர் இல்லாமலே போகக்கூடிய ஒரு தீர்ப்பாயம்.

இன்னொன்றையும் அதில் எழுதுங்கள். வீடு விற்கும்போது அண்டை வீட்டாருடனான தகராறுகளைத் தெரிவிக்க வேண்டும் என்பதால், ஒரு கடிதம் எழுதக்கூட மக்கள் அஞ்சுகிறார்கள். வேலிக்காகச் சட்டப்படி கொடுக்கும் அறிவிப்பைத் தகராறாகக் கணக்கிடக்கூடாது என்று அந்தச் சட்டமே வெளிப்படையாகச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
பலகை வேலிக்கு இப்பால் குடியிருக்கும் ஒரு வாக்காளர்