காது கொடுத்தவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கும், நம் போதகர் ஐயாவுக்கும், மூப்பர்களுக்கும், சிறுவர் ஊழியத்தில் என்னோடு சேர்ந்து உழைக்கிற தம்பி தங்கைகளுக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஊழியத்தில் என் அடுத்த அடியை நானே கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்டுக் கூட இருந்த அக்காவோடு நடந்துவந்த கோச்சிங் போன மாதத்தோடு நிறைவடைந்தது. நேரில் பார்த்தபோது ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். ஆனாலும் எல்லோரும் படிக்கும்படி ஒரு மடல் எழுத வேண்டும் என்ற எண்ணம் போகவே இல்லை. இப்படி ஒரு உதவி இருக்கிறது என்பதே நம்மில் பல ஊழியர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் "அதெல்லாம் பெரிய கம்பெனி அதிகாரிகளுக்கு, நமக்கு ஜெபம் இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். ஜெபம் இருக்கிறதுதான். அதே ஆண்டவர் மோசேக்கு யோசனை சொல்ல அவருடைய மாமனார் எத்திரோவையும் அனுப்பினார்.

ஊழியத்தில் பொறுப்பில் இருக்கிறவரைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். மனம்விட்டுப் பேச ஆள் தேடினால்தான் கஷ்டம். சபையாரிடம் சொன்னால் அவர்கள் சோர்ந்துபோவார்களோ என்று தோன்றும். நமக்கு மேலே இருக்கிறவர்களிடம் சொன்னால், 'இவளால் முடியவில்லை போலிருக்கிறது' என்று பொறுப்பை எடுத்துவிடுவார்களோ என்று யோசனை வரும். வீட்டில் இருக்கிறவர்கள் ஏற்கெனவே சுமக்கிறது போதும். உடன் ஊழியரிடம் சொன்னாலோ, நல்ல மனதோடுதான் செய்வார்கள், ஆனால் அது ஜெபக்குறிப்பாக நாலு இடத்துக்குப் போய்விடும். அக்கா இந்த நாலு கூட்டத்திலும் சேராதவர்கள். என்னிடமிருந்து அவர்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. நான் நன்றாகச் செய்தால் அவர்களுக்குப் பேர் இல்லை, செய்யாவிட்டால் நஷ்டமும் இல்லை. நான் பெற்ற உதவிக்கெல்லாம் அஸ்திபாரம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அக்கா, முதல் சந்திப்பில் நீங்கள் என் ஊழியத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்தீர்கள். எவ்வளவு நேரம் பேசுவோம், எத்தனை நாளைக்கு ஒருமுறை சந்திப்போம், எதைப் பற்றிப் பேசுவது என்று யார் முடிவு செய்வது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். பேசுகிற விஷயத்தை நான்தான் தீர்மானிக்க வேண்டும் என்றீர்கள். பேசியது அறையை விட்டு வெளியே போகாது. ஒரு பிள்ளைக்கோ, எனக்கோ, வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்பதையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிள்ளைகள் நடுவே வேலை செய்கிற எனக்கு அந்த விதிவிலக்கை எழுத்தில் பார்த்ததே பெரிய ஆறுதல். அந்தத் தாளுக்கு அப்புறம் எனக்குப் பேசத் தயக்கமே இருக்கவில்லை.

அன்றைக்கே இன்னொன்றையும் தெளிவாக்கினீர்கள். அனுபவமுள்ள ஒருவர் தான் நடந்துவந்த வழியைச் சொல்லிக்கொடுப்பது ஒரு உதவி. மனக்காயத்தோடு வருகிறவரை ஆற்றுகிற கவுன்சலிங் இன்னொரு உதவி. "இரண்டும் தேவைதான், ஆனால் நான் செய்யப்போவது அது இல்லை. உன் வேலையில் அடுத்த அடி எது என்று நீ கண்டுபிடிக்கிறவரை கூட இருப்பேன், கண்டுபிடித்ததை நீ செய்தாயா என்றும் கேட்பேன்" என்றீர்கள். சொன்னபடியே இருந்தீர்கள். நடுவில் ஒரு சமயம், பல வாரங்களாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். நீங்கள் அன்றைய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, "முதலில் டாக்டரைப் பார். இது நான் கையில் எடுக்கக்கூடிய காரியம் இல்லை" என்றீர்கள். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாக விரும்பிய எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் ஆகாரமும்தான், அதுவும் இரண்டு தரம். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. தன் வேலையின் எல்லை தெரிந்த ஒருவரிடம் என்னை ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதை அன்றைக்கு முழுசாக உணர்ந்தேன்.

இதை நடத்துகிற முறையில் மர்மம் எதுவும் இல்லை. 1992-ல் ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் தன் புத்தகத்தின் வழியாகப் பிரபலமாக்கிய நான்கு படிகளையே பல கோச்சுகள் இன்றும் கையாளுகிறார்கள். எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப்போகிறாய், அவ்வளவுதான். அக்கா இந்த நான்கு படிகளுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் அமைதியாக ஜெபிப்பார்கள். மூன்றாவது படியில் "இதில் கர்த்தர் உன்னிடம் எதைச் சொல்கிறார் என்று நினைக்கிறாய்?" என்று கேட்பார்கள். தான் கேட்டதற்குத் தானே பதில் சொல்ல மாட்டார்கள்.

அந்த வாரத் தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வாரம் முழுவதும் நான் செய்த வேலைகளை நேரத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். எழுதினேன். ஆசிரியர் கூட்டம், பெற்றோர்களின் போன், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடத்துக்குக் கைவேலை அட்டை வெட்டியது, பாட்டுத் தாள் நகலெடுத்தது, ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனது, எல்லாம் ஒரே நீளப் பட்டியலாக இருந்தது. அக்கா மூன்று கலர் பேனாவை நீட்டினார்கள். நான் மட்டுமே செய்யக்கூடியது ஒரு கலர், வேறு ஒருவர் செய்யக்கூடியது ஒரு கலர், யாருமே செய்யாவிட்டாலும் ஒன்றும் ஆகாதது ஒரு கலர். நான் கோடு போட்டு முடித்ததும், அட்டை வெட்டியதற்கு எதிரே இருந்த நேரத்தின் மேல் விரலை வைத்து, "இதை உன் குழுவில் யார் செய்தால் அவர்களுக்கே சந்தோஷமாக இருக்கும்?" என்று கேட்டார்கள். உன் பாரம் எப்படிக் குறையும் என்று கேட்டிருந்தால், 'பரவாயில்லை அக்கா, நானே செய்துகொள்கிறேன்' என்றிருப்பேன். கேள்வி அவர்களுடைய சந்தோஷத்தைப் பற்றி இருந்ததால் உடனே ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. வகுப்பு எடுக்கக் கூச்சப்பட்டு எப்போதும் பின்னால் நிற்கிற நம் தம்பிதான். இன்றைக்குக் கைவேலைப் பொருள் எல்லாமே அவன் பொறுப்பு. தம்பி, நீ அந்த அலமாரியை அடுக்கி வைத்திருக்கிற அழகைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகிறது. உனக்கு நன்றி.

கேள்வி கேட்டுவிட்டு அக்கா சும்மா இருப்பார்கள். அதுவும் ஒரு கலை. என் பேச்சு நின்றுபோனால் இடத்தை நிரப்ப மாட்டார்கள், உதாரணம் சொல்ல மாட்டார்கள், கடிகாரத்தையும் பார்க்க மாட்டார்கள். "மனுஷனுடைய இருதயத்திலுள்ள யோசனை ஆழமான தண்ணீர்போலிருக்கிறது, புத்திமானோ அதை மொண்டெடுப்பான்" என்று நீதிமொழிகளில் வாசித்திருக்கிறோம். மொண்டெடுக்கிறதற்கு நேரம் பிடிக்கும் என்பதை நான் அந்த அமைதியில்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்த நன்றி நம் மூத்த ஆசிரியைக்கு. அவர்களுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். எந்த வகுப்பிலும் ஒரே ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோது, அவர்களுக்கு அது வருத்தமாக இருந்தது. இத்தனை வருஷம் தனியாக வகுப்பு நடத்தி, எத்தனையோ பிள்ளைகளை ஆண்டவரிடம் நடத்தியவர்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அக்காவிடம் கேட்டேன். வழக்கம்போல யோசனை சொல்லவில்லை. "சரி, நான்தான் அந்த ஆசிரியை. பேசு" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் ஆரம்பித்ததும், "அப்போ என்மேல சந்தேகமா?" என்று குரலை மாற்றிக் கேட்டார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. மறுபடி மறுபடி பேசிப் பார்த்தோம். கடைசியில் முதல் வாக்கியம் மட்டும் கையில் கிடைத்தது: "டீச்சர், இந்த விதி பிள்ளைகளையும் காப்பாற்றுகிறது, உங்கள் பேரையும் காப்பாற்றுகிறது." நேரில் போய் அதைச் சொன்னபோது ஆசிரியை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம், "யாரை என் வகுப்பில் போடுகிறாய்?" என்றார்கள். டீச்சர், உங்கள் பெருந்தன்மை இல்லாவிட்டால் எந்த ஒத்திகையும் உதவியிருக்காது. இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிற அந்த இளம் தங்கை, கதை சொல்லும் முறையை உங்களிடம்தான் கற்றுக்கொள்கிறாள்.

போதகர் ஐயாவுக்கும் பொருளாளர் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கோச்சிங்குக்கான செலவைச் சபை ஏற்றது. பணம் கொடுக்கிறவர்களுக்கு விவரம் கேட்கத் தோன்றுவது இயல்பு. நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அக்காவிடமிருந்து பொருளாளருக்குப் போனது, சந்தித்தோம் என்ற ஒற்றை வரியும் தேதியும் மட்டும்தான். ஐயா, ஆராதனை முடிந்து நீங்கள் என்னைப் பார்க்கிறபோது "எப்படி இருக்கிறாய் மகளே?" என்று கேட்பீர்களே தவிர, "அங்கே என்ன பேசினீர்கள்?" என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை. ஒரு தலைவர் தன் கீழே வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐயா, மூப்பர் கூட்டத்தில் இதற்கு ஒப்புதல் கேட்டபோது நீங்கள் சொன்ன சரித்திரத்தையும் மற்றவர்களுக்காக இங்கே எழுதிவிடுகிறேன். பிரான்சில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த பெர்னார்டிடம் துறவியாக இருந்த ஒருவர் 1145-ல் போப் மூன்றாம் யூஜின் ஆனார். காலையிலிருந்து இரவுவரை வழக்குகளும் மனுக்களும் அவரை மொய்த்துக்கொண்டிருந்தன. பழைய குருவான பெர்னார்ட் அவருக்கு எழுதினார்: இப்படியே போனால் உன் இருதயம் கடினப்பட்டுப்போகும், எல்லாருக்கும் உன்னைக் கொடுக்கிறாய், அந்த எல்லாரில் நீயும் ஒருவன் இல்லையா என்று. உலகத்துச் சபைக்கே தலைவராக இருந்தவருக்கு அப்படி எழுத ஒருவர் தேவைப்பட்டார் என்றால், சிறுவர் ஊழியம் பார்க்கிற நம் பிள்ளைக்கும் ஒருவர் வேண்டும் என்றீர்களாம். எனக்கு அதைக் கேள்விப்பட்டபோது கண் கலங்கிவிட்டது.

என் கணவருக்கு ஒரு வரி. சந்திப்பு முடிந்து நான் வீட்டுக்கு வருகிற நேரத்தில் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டது ஒரு பக்கம். வந்ததும் விசாரிக்காமல், நானாகப் பேசுகிறவரை விட்டது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நன்றி.

அக்கா விடைபெறுகிற விதமும் எனக்குப் பிடித்திருந்தது. எத்திரோ மோசேயிடம் முதலில் கேட்டார், நீர் ஒருவராக ஏன் உட்கார்ந்திருக்கிறீர் என்று. அப்புறம் ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தலைவர்களை வைக்கச் சொன்னார். அதையும் தேவன் கட்டளையிட்டால் செய்யும் என்றுதான் சொன்னார். வேலை முடிந்ததும் தன் தேசத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். பாளையத்தில் தங்கி, தன் யோசனை நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கவில்லை. அக்காவும் அப்படித்தான். கடைசிச் சந்திப்பில், "இனி இந்தக் கேள்விகளை உன்னிடம் யார் கேட்பார்கள்?" என்று கேட்டார்கள். யோசித்து, வேறு வேறு சபைகளில் சிறுவர் ஊழியம் செய்கிற இரண்டு சகோதரிகளின் பேரைச் சொன்னேன். இப்போது மூன்று பேரும் மாதம் ஒருமுறை கூடுகிறோம், அதே ஒப்பந்தத் தாளோடு. புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள், கட்டடக் கடனை அடைக்கச் சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்தார்கள். வாரந்தோறும் காசு வாங்கப் போன தலைவர்கள், குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்டுகொள்ள, அந்தக் குழுக்களே ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கிற கூட்டங்களாயின. சகோதரிகளே, உங்களுக்கும் நன்றி. போன மாதம் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றச் சபைகளின் மூப்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் போதகருக்கோ, வாலிபர் ஊழியருக்கோ, பெண்கள் ஊழியத்தை நடத்துகிற சகோதரிக்கோ இப்படி ஒருவரை ஏற்பாடு செய்துகொடுங்கள். உங்கள் சபைக்கு வெளியே இருக்கிற ஒருவராகப் பாருங்கள். ஊழியர் தாமே தேர்ந்தெடுக்கட்டும். வருஷ பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஊழியர் நொந்துபோன பிறகு செய்கிற வைத்தியமாக இதை வைக்காதீர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து நம் வாலிபர் ஊழியத்தைப் பார்க்கிற தம்பி அக்காவிடம் போகிறான். அதற்கும் மூப்பர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள், ஸ்தோத்திரம். எனக்குச் செய்ததையே அவனுக்கும் செய்யுங்கள். அவன் திரும்பி வரும்போது, என்ன பேசினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரி,
சிறுவர் ஊழியம்