நடுவர் நீதிமன்ற அபராத வரம்பு: தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் எழுதுகிறோம்.

1974-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க அதிகாரம் தந்தது. அது 10,000 ஆக 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவில் அது 50,000. இரண்டாம் வகுப்பு நடுவருக்கு 10,000. உயர்வை வரவேற்கிறோம். ஆனால் இதுவும் இன்னொரு இருபது ஆண்டுக்கு அப்படியே கிடக்கும் என்ற கவலை எங்களுக்கு உண்டு.

பாதுகாப்பற்ற உணவால் ஒருவருக்குக் கொடுங்காயம் அல்லாத பாதிப்பு நேர்ந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு 3 லட்சம் வரை அபராதம் சொல்கிறது. வழக்கு முதல் வகுப்பு நடுவரிடம்தான் வருகிறது. அவர் கை 50,000-இல் நின்றுவிடும். அதற்கு மேல் தேவை என்று கருதினால், சுரக்ஷா சன்ஹிதாவின் 364-ஆம் பிரிவின்படி தம் கருத்தைப் பதிவு செய்து, கோப்பையும் குற்றஞ்சாட்டப்பட்டவரையும் தலைமை நீதித்துறை நடுவரிடம் அனுப்ப வேண்டும். அங்கே சாட்சிகளை மீண்டும் அழைக்கவும் இடமுண்டு. முடிந்த விசாரணை மறுபடி தொடங்கியது போலாகிவிடும்.

காசோலை வழக்குகளில் இந்தச் சிக்கல் 2002-லேயே தீர்க்கப்பட்டது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் சேர்த்த 143-ஆம் பிரிவு, 5,000-க்கு மேலும் நடுவரே அபராதம் விதிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அதே வாசகம்தான் சுரக்ஷா சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவுக்கும் வேண்டும்: சிறப்புச் சட்டம் கூடுதல் அபராதம் குறித்திருந்தால், அந்த அளவு வரை நடுவரே விதிக்கலாம். இப்படி எழுதிவிட்டால் ஒவ்வொரு தலைமுறையும் எண்ணைத் திருத்தக் காத்திருக்க வேண்டாம்.

மோசடி வழக்குகளில் இழப்பு வேறு வகை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) அபராதத்துக்கு மேல்வரம்பு எதுவும் சொல்லவில்லை. நடுவரின் 50,000-தான் வரம்பு. சிறையோடு அபராதமும் விதித்தால், சுரக்ஷா சன்ஹிதாவின் 395(1)-இன்படி இழப்பீட்டை அந்தப் பணத்திலிருந்துதான் தர முடியும். ஆறு லட்சம் இழந்தவருக்கு 50,000-க்கு மேல் கிடைக்காது. வரம்பில்லாத இழப்பீடு தரும் 395(3), அபராதமே விதிக்காத தண்டனைக்கு மட்டும். அபராதம் விதித்தாலும் இந்த வழி திறந்திருக்கத் திருத்தம் தேவை.

இன்னொரு பக்கமும் உண்டு. நீதிமன்றத்தின் வரம்பு, குற்றத்தின் வரம்பு இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும். காற்றை மாசுபடுத்தும் குற்றத்துக்கு நியாய சன்ஹிதாவின் 280-ஆம் பிரிவில் 1,000 ரூபாய்தான். பொதுத்தொல்லைக்கு 292-இலும் அதே 1,000. புகைபோக்கியைச் சரிசெய்வதைவிட அபராதம் கட்டுவது மலிவு என்றால் தொழிற்கூடம் எதைச் செய்யும்?

குற்றவியல் சட்டமும் நடைமுறையும் மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பவை. அரசியலமைப்பின் 254(2)-இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலமே திருத்தலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி 2025 ஜனவரியில் இரு சன்ஹிதாக்களையும் திருத்தும் மசோதாவை இதே பேரவை நிறைவேற்றியது.

ஏழைகளை மறந்து வரம்பை மட்டும் உயர்த்திவிடாதீர்கள். அபராதம் மட்டுமே தண்டனையாகி உடனே கட்ட முடியாதவருக்கு இப்போது கிடைப்பது 30 நாள் அவகாசம், அல்லது 30 நாளுக்கு மிகாத இடைவெளியில் இரண்டு மூன்று தவணை. 50,000-ஐ மூன்றாகப் பிரித்தால் தவணைக்கு 16,667. கூலித் தொழிலாளியால் கட்ட முடியாது, கட்டாவிட்டால் சிறை. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தில், தொகை 10,000-ஐத் தாண்டினால் அந்தச் சிறை ஓராண்டு வரை நீளலாம். ஆகவே, தொகையைத் தீர்மானிக்கும் முன் வருமானத்தை விசாரித்துத் தீர்ப்பில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குங்கள். தவணைகளைப் பன்னிரண்டு வரை அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
நடுவர் நீதிமன்ற வழக்கறிஞர்கள்