உன் மகளோடு ஆட ஒரு விளையாட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டதாம், நிம்மதி. ஆனால் புதுத் தைலம்தான் காரணம் என்று நீ அடித்துச் சொல்வதைத்தான் அப்படியே ஏற்க முடியவில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் தைலத்தைத் தேடுவோம். உச்சத்துக்குப் போன வலி தானாகவும் இறங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். அதற்காக நிறுத்திவிடாதே, தடவிக்கொண்டே இரு.

உன் மகள் விவாத அணியில் சேர்ந்ததிலிருந்து, வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் "இது இன்ன தர்க்கப் பிழை" என்று பெயர் வைக்கிறாள் என்று படித்துச் சிரித்துவிட்டேன். கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குவது, சொல்லாததைச் சொன்னதாக்கி அதை அடித்து நொறுக்குவது, இதெல்லாம் கண்ணில் படுவது நல்லதுதான். ஒன்றை மட்டும் அவளிடம் சொல். காரணம் சொத்தை என்பதாலேயே முடிவும் தப்பாகிவிடாது. "கனவில் குடையைக் கண்டேன், அதனால் இன்று மழை வரும்" என்பது உளறல்தான். ஆனாலும் மழை வரலாம்.

அடுத்தவர் பேச்சில் பிழை பிடிப்பது சுலபம். அவளோடு இதை ஆடிப் பார். பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட சோதனை. 2, 4, 6 என்று சொல். இந்த எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, அது என்ன என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். அவளாக மும்மூன்று எண்கள் சொல்லலாம். பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் நீ சொல்வாய். பெரும்பாலும் 8, 10, 12 என்றுதான் தொடங்குவார்கள். பொருந்தும். 20, 22, 24? அதுவும் பொருந்தும். உடனே "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்பார்கள். தப்பு! ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் சரி என்பதே விதி. 1, 2, 50 கூடப் பொருந்தும்.

இதில் கிடைத்த பதில்கள் அத்தனையும் உண்மை என்பதைக் கவனி. "ஆமாம்" வரும் என்று எதிர்பார்த்த கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டதுதான் வம்பு. தன் ஊகத்துக்கு ஒத்துவராத 3, 7, 8-ஐ ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் ஊகம் அப்போதே உடைந்திருக்கும். புத்திசாலிகள் இதில் தப்புவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தனக்குச் சாதகமான உதாரணம் தேடுவதில் அவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். செய்தி படிப்பதும் இப்படித்தான். பிடிக்காத செய்தி என்றால் ஆதாரம் எங்கே என்று துருவுகிறோம். பிடித்தது வந்தால் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

அப்புறம், பழைய கார் வாங்கப் போகிறாயே, விற்பவர் விலை சொல்வதற்கு முன்பே உன் விலையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். முதலில் காதில் விழும் எண் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் சிலரிடம் கேட்டார்கள், அதற்கு முன் எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு. சக்கரத்தில் 10 விழக் கண்டவர்களின் மதிப்பீடு 25-ஐ ஒட்டியும், 65 விழக் கண்டவர்களின் மதிப்பீடு 45-ஐ ஒட்டியும் இருந்தது. சம்பந்தமே இல்லாத சக்கரத்துக்கே இந்த மதிப்பு என்றால், வாய் சாமர்த்தியம் உள்ள வியாபாரி சொல்லும் விலையைக் கேட்கவா வேண்டும்?

வண்டி படிந்ததும் எழுது. உன் மகள் எத்தனையாவது முயற்சியில் விதியைப் பிடித்தாள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்