கதவு திறக்காத காருக்கு ஏன் இந்த விலை?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த முறை நம் கடைக்கு வந்திறங்கிய மாடல் கார்களைப் பார்த்த பலரும் கேட்பது ஒன்றுதான். "கதவு, பானெட், டிக்கி எல்லாம் திறக்கிற பெரிய ஸ்போர்ட்ஸ் கார் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குது. உள்ளங்கை அளவு ரோல்ஸ் ராய்ஸ், எதுவுமே திறக்கல, அதுக்கு எப்படிங்க இவ்வளவு?" நியாயமான கேள்வி. கல்லாவில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

திறந்து மூடும் கார்களில் பெரும்பாலானவை டை-காஸ்ட். உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கிறார்கள். உலோகத்துக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், பணத்தை விழுங்குவது அச்சு. ஒரு கதவு திறக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி அச்சு, கீல், உட்புறத்துக்கு வேறு வேலை. போட்ட காசு திரும்ப ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். ஃபெராரி, போர்ஷே என்றால் விற்றுவிடும். 1951இல் அறிமுகமான மெர்சிடிஸ் 300 அப்படியா? மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் கொன்ராட் அடினாவர் பயன்படுத்தி, அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட கார் அது. தெரிந்தவர் அலமாரி முன்னாலேயே நின்றுவிடுவார். தெரியாதவர் "பழைய அம்பாசிடர் மாதிரி இருக்கே" என்று நகர்ந்துவிடுவார். இரண்டாமவர்தான் அதிகம். அந்தக் காருக்கு எஃகு அச்சு செதுக்க எந்தத் தயாரிப்பாளரும் இருமுறை யோசிப்பார்.

அதனால்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சொகுசுக் கார்கள் அதிகமாக ரெசினில், அதாவது அச்சில் ஊற்றினால் கெட்டியாகும் பிளாஸ்டிக் பிசினில், வருகின்றன. சிலிக்கோன் ரப்பர் அச்சுக்கு எஃகு அச்சின் விலையில் சிறு பங்குதான். ஆனால் சில பத்து வார்ப்புகளிலேயே அதன் ஓரங்கள் தேய்ந்துவிடும். மறுபடி புது அச்சு. வார்த்ததைக் கையால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகட்டில் கிரில்லும் வைப்பரும் பொருத்துகிறார்கள். ஒரு மாடலில் மொத்தமே சில நூறு கார்கள்தான் வரும். நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அந்தக் கைவேலைக்குப் போகிறது.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: 1:43 அளவில் (நிஜக் காரில் 43இல் ஒரு பங்கு) கதவு திறக்காமல் இருப்பதே நல்லது. நிஜக் காரில் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி நாலு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாடலில் அது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். எந்தக் கீலும் அதற்கு இடம் கொடுக்காது. 1955இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கிளவுடின் அழகே முன் மட்கார்டிலிருந்து பின்னால் இறங்கிப் போகும் கோட்டில்தான் இருக்கிறது. நடுவில் தடித்த இரண்டு பிளவு விழுந்தால் கார் கெட்டது. விதிவிலக்கும் உண்டு. 1961 லிங்கன் கான்டினென்டலின் பின்கதவுகள் எதிர்த்திசையில் திறக்கும். அதை மூடியே வைத்தால் பாதிச் சந்தோஷம் போய்விடும். அதற்குக் காத்திருந்து பெரிய டை-காஸ்ட் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், வியாபாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

"என் சின்ன வயசுப் பொம்மையிலயே வைரம் மாதிரி ஹெட்லைட் இருந்துச்சே" என்று ஒரு பெரியவர் சொன்னார். கோர்கி என்ற பொம்மை நிறுவனத்தின் பென்ட்லி கான்டினென்டலைத்தான் சொல்கிறார். 1958இல் லெஸ்னி என்ற நிறுவனம் தன் மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார் வரிசையில் சில்வர் கிளவுட் விட்டது. டிங்கி என்ற இன்னொரு பொம்மை வரிசையில் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ரைத் இருந்தது. அப்போது வாங்கியவர்கள் சிறுவர்கள், ஏராளமாக வாங்கினார்கள், அச்சுக்காசு திரும்பிவிட்டது. இன்று வாங்குவது அந்தச் சிறுவர்களேதான், நரைத்த தலையோடு. எண்ணிக்கைதான் குறைவு.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில்வர் கிளவுடின் நீளம் சுமார் 5.4 மீட்டர். 1:18இல் அது 30 சென்டிமீட்டர், 1:43இல் பன்னிரண்டரை. ஷோகேஸ் தட்டை அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். 1:43 என்ற விநோத எண் பொம்மை ரயிலிலிருந்து வந்தது: ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற பிரிட்டிஷ் 'ஓ' கேஜ் கணக்கு.

இன்னொரு குழப்பம்: "இணையத்தில் பார்த்த கார் வேற மாதிரி இருந்துச்சு." சில்வர் ரைத்தை ரோல்ஸ் ராய்ஸ் வெறும் சேஸியாகத்தான், அதாவது மேல் உடல் இல்லாத எஞ்சினும் அடிச்சட்டமுமாகத்தான், விற்றது. உடலைக் கட்டியவர்கள் ஹெச். ஜே. மல்லினர், பார்க் வார்ட், ஹூப்பர், ஜேம்ஸ் யங் போன்ற பட்டறைக்காரர்கள். ஒரே பெயரில் உருவம் வேறு வேறாக இருப்பது அதனால்தான். ஃபேன்டம் IV என்ற ரோல்ஸ் ராய்ஸ் மொத்தமே 18 கார்கள், பெரும்பாலும் அரச குடும்பங்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும். ஆகவே பெயரோடு பட்டறையின் பெயரையும் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் 'லிமிடெட் எடிஷன்' என்று வரிசை எண் இருந்தால் நாளைக்கு விலை ஏறும் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. ஏறலாம், ஏறாமலும் போகலாம். பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.

பராமரிப்புக்கு: நேர் வெயில் படும் தட்டில் வைக்காதீர்கள், நிறம் மங்கும். கடலோர ஊர்க்காரர்கள் ஷோகேஸுக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்; ஈரம் ஏறினால் டை-காஸ்டில் பெயிண்ட் கொப்பளிக்கும். டயர்கள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தினால் பிளாஸ்டிக் தளத்தில் கறை விழும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அச்சாணியைத் தாங்க அடியில் சிறு கட்டை கொடுத்தால் போதும். தூசிக்கு மென்மையான மேக்கப் பிரஷ். குரோம் பாகங்களில் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். தூக்கும்போது அடித்தட்டைப் பிடியுங்கள். கண்ணாடியையோ பம்பரையோ பிடித்தால் அது மட்டும் கையோடு வந்துவிடும்.

அடுத்த சரக்கிலிருந்து ஒவ்வொரு காருக்கும் டை-காஸ்டா ரெசினா, எது திறக்கும், நீளம் எத்தனை சென்டிமீட்டர், உடல் கட்டியது யார் என்ற நான்கு விவரங்களையும் விலைச்சீட்டிலேயே எழுதி வைக்கிறோம். முன்பதிவு செய்தவர்களில் யாராவது திறக்கும் கதவை எதிர்பார்த்திருந்தால், பார்சல் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுங்கள். முன்பணத்தை வேறு காருக்கு மாற்றித் தருகிறோம், வேண்டுமென்றால் திருப்பியும் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்