சிறுவனின் தோளிலிருந்து தந்தையின் தோளுக்கு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

நலம். கண்புரை அறுவை முடிந்த பிறகு, சில வாரங்களுக்குக் கண்ணை வருத்திப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நீ அனுப்பிய கட்டுரையையும், அதில் நீ எடுத்துக்கொண்டிருக்கும் பூமணியின் ‘வெக்கை’ நாவலையும் என் மகள்தான் மாலை நேரங்களில் எனக்கு வாசித்துக் காட்டினாள். கண்ணை மூடியபடி நாவலை முழுவதும் கேட்டுவிட்டு, பார்வை தெளிந்ததும் அதைத் தழுவி எடுத்த ‘அசுரன்’ படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நீ கேட்டிருந்த கருத்தைத் தாமதமாகவேனும் எழுதுவதற்கு இந்த ஏற்பாடு நல்லதாகவே அமைந்தது.

நாவலிலிருந்து படம் விலகிய இடங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு போய், முடிவில் ‘துரோகம்’ என்று தீர்ப்பெழுதியிருக்கிறாய். நீ குறித்தவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டைச் சரிபார்ப்பதைப் போன்ற உணர்வுதான் எனக்கு உண்டாயிற்று. ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் வந்தபோதும் பலர் இதைத்தான் செய்தார்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வாசகனை அடுத்த இதழுக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஐந்து பாகக் கதையை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கினால் எவ்வளவு உதிரும் என்பதைப் படம் பார்க்காமலே சொல்லிவிடலாம். அதைச் சொல்வதற்கு விமர்சகன் எதற்கு?

உன் பட்டியலில் உள்ள அத்தனை மாற்றங்களும் ஒரே ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. 1982இல் வெளிவந்த நாவலில் கதை சிதம்பரம் என்ற சிறுவனின் தோளில் இருக்கிறது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட எண்ணிப் போனவன் ஆளையே கொன்றுவிடுவதில் தொடங்கி, அய்யாவுடன் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்களில் அவன் காண்பதும், பசிப்பதும், சமைத்துத் தின்பதும், அய்யாவின் பேச்சை வியந்து கேட்பதும்தான் நாவல். கொலை செய்த கையோடு அவன் இன்னும் பிள்ளையாகவே இருக்கிறான். மகள் வாசிக்கும்போது இரண்டு மூன்று இடங்களில் சிரித்துவிட்டாள். ஒரு கொலையாளியின் கதையில் சிரிக்க இடம் இருப்பதை நான் முதல் வாசிப்பில் கவனிக்கவே இல்லை. வெற்றிமாறனின் 2019ஆம் ஆண்டுப் படத்தில் அதே கதை தந்தையின் தோளுக்கு மாறிவிடுகிறது. மாறியதும், தந்தை ஏன் இவ்வளவு அடங்கிப் போகிறான் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை சொல்ல அவனுடைய இளமைக்கு ஒரு நீண்ட பின்கதை தேவைப்படுகிறது. அந்தப் பின்கதைக்காகச் செருப்பு அணிந்த பெண்ணுக்கு நேரும் அவமானமும் குடிசைகள் எரிவதும் வந்து சேர்கின்றன. நீ தனித்தனிக் குற்றங்களாக எண்ணியவை ஒரு முடிவின் தொடர்ச்சிகள். ஆகவே அந்த முதல் முடிவு சரியா என்பதைத்தான் உன் கட்டுரை விசாரித்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பாதி சரி என்பேன். மூத்த மகனை மீட்பதற்காகத் தந்தை சிவசாமி ஊரிலுள்ள ஒவ்வொருவர் காலிலும் விழும் காட்சியைப் பார்க்கும்போது, சிறுவனின் பக்கமிருந்து சொல்லியிருந்தால் இந்த அளவுக்கு வலித்திருக்காது என்று தோன்றியது. மறுபக்கம், பணிந்து வாழும் மனிதனுக்குள் பழைய ஆவேசம் ஒன்று பதுங்கியிருந்து தக்க தருணத்தில் வெளிப்படுவது நம் திரைக்கு நெடுநாள் பழகிய வார்ப்பு. தனுஷின் நடிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அந்த வார்ப்புக்குள் கதை சென்று விழும் இடங்களில் பூமணியின் காடு வெறும் சண்டைக்களமாகச் சுருங்கிவிடுகிறது. பையனின் சிரிப்பும் அங்கேதான் தொலைகிறது.

உனக்குப் பாடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1979இல் ‘உதிரிப்பூக்கள்’ பார்த்துவிட்டு வந்து, நம் கையெழுத்துப் பத்திரிகையில் நான் எழுதியது உனக்கு நினைவிருக்கும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று ஒன்றரைப் பக்கத்துக்குக் கேலி செய்திருந்தேன். மகேந்திரன் அந்தக் குறுநாவலிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு மரத்தை வளர்த்திருந்தார். நானோ பழைய மரத்தின் இலைகளைத் தேடிக்கொண்டு, ஆற்றங்கரையில் முடியும் அந்த இறுதிக் காட்சியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டேன். அப்போது என்னுடன் சண்டையிட்டவன் நீதான். இன்று நாம் இடம் மாற்றி உட்கார்ந்திருக்கிறோம்.

‘துரோகம்’ என்ற சொல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெயகாந்தன் 1966இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அவளை ஏற்றுக்கொள்கிறாள். பின்பு அவரே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிச் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். போதாததற்கு, அந்த நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளரை உலவவிட்டு, பழைய கதையை அவர் எழுதியதாகவும் ஆக்கிவிட்டார். பீம்சிங் அதைப் படமாக்கியபோது திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதினார். அந்த மகள் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரே சம்பவம் சிறுகதை, நாவல், படம் என்று மூன்று உருவம் எடுத்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள மாறுதல் எந்த இயக்குநரும் செய்யத் துணியாத அளவுக்குப் பெரியது. இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்று எழுதுவாய்?

உன் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிடலாம். மூன்றாம் பக்கத்தில், தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகும் நாவலில் வரும் காட்டின் வெக்கை உன்னைவிட்டுப் போகவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த வரியிலிருந்து தொடங்கு. படத்தை முதலில் பார்த்தாயா, நாவலை முதலில் படித்தாயா என்பதையும் மறைக்காமல் எழுது. இதற்கு முன் நாவலைப் படித்தறியாத என் மகளுக்குச் சிதம்பரத்தின் முகம் படத்தில் நடித்த பையனின் முகமாகவே இருந்தது, எனக்கோ இரண்டாம் முறை கேட்டபோதும் அவனுக்கு முகமே இல்லை. திருத்திய படியை அனுப்பினால் இந்த முறை நானே படிப்பேன். எழுத்தைச் சற்றுப் பெரிதாக எழுது.

அன்புடன்,
கணேசன்