இடித்த வீட்டு மனைகளில் தேடுவோர் கவனத்துக்கு

நண்பர்களே, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இடித்துப் போட்ட மனையில் பழங்காசு தேட மெட்டல் டிடெக்டர் இறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மனைக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 1878 புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம்.

பெரிய தொல்லை துருப்பிடித்த ஆணிதான். 11 அங்குல காயிலுக்கு (டிடெக்டரின் அடியில் உள்ள வட்டத் தட்டு) அடியில் ஒரே நேரத்தில் நாலைந்து ஆணி வந்துவிடும், பக்கத்தில் கிடக்கும் செப்புக்காசின் சத்தம் அமுங்கிப்போகும். 6 அங்குல காயில் மாட்டி மெதுவாக வீசுங்கள். சத்தம் வந்தால் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி பாருங்கள். காசு பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பேசும். ஆணி ஒரு பக்கம் கரகரக்கும். காசிமேட்டு உப்பு ஈரமண்ணில் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணால் வரும் பொய்ச் சத்தத்தை விலக்கும் அமைப்பு) அடிக்கடி சரிபாருங்கள்.

முதலில் கிணற்றடி, துவைக்கிற கல், திண்ணை ஓரம். நிலைவாசலுக்கு அடியில் காசு போட்டுக் கட்டுவது நம் வழக்கம், அதை விடாதீர்கள்.

கிடைத்த காசைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள். 1835 கம்பெனி காலணா ஆறரை கிராம் செம்பு. விரலால் மண்ணைத் துடைத்தாலே மணல் எழுத்தைக் கீறிவிடும். புளி, எலுமிச்சை கூடவே கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு தினம் தண்ணீர் மாற்றுங்கள். காய்ந்தபின் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி ஊறட்டும்.

1914-இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் குண்டு விழுந்த ஊர் இது. கூம்பு வடிவில் கனத்த இரும்பு தெரிந்தால் தொடாமல் விலகி 112-க்கு அழையுங்கள்.