குளிர் உதவும், இருட்டு உதவாது

ஸ்ரீரங்கம்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் நீ பாதியிலேயே பதறிவிடுகிறாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ கேட்டது இரண்டு. கத்திரி முடியும்வரை வாசலைத் தாண்டாதே அம்மா என்றாய். பிறகு, ஒரேயடியாக எடின்பரோவுக்கு வந்துவிடு, இங்கே வெயிலே கிடையாது, உனக்குத் தலை சுற்றாது என்றாய். இரண்டையும் பல நாள் யோசித்தேன்.

வெயிலைப் பற்றி நீ சொன்னது சரி. எனக்கிருக்கும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கிற நோய். அதனால் உடம்பு சூடேறினால் எனக்குக் கிறுகிறுப்பு கூடும், கண் மங்கும், கால் தள்ளாடும். 1890-லேயே ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். உறை சிதைந்த நரம்பில் சூடு கொஞ்சம் கூடினாலே செய்தி தடைபடும். ஆனால் உடம்பு குளிர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அந்தச் சூட்டால் புதிதாக எந்த நரம்பும் கெடுவதில்லை. இந்தப் பாதியை நீ படிக்காமல் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். அதனால் விடியற்காலையில் நடக்கிறேன், பத்து மணிக்கு மேல் வெளியே போவதில்லை, கழுத்தில் ஈரத் துண்டு போட்டுக்கொள்கிறேன். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்தாலும் இதே தடுமாற்றம் வரும், அப்போது முதலில் அதற்குத்தான் மருந்து. காய்ச்சல் எதுவும் இல்லாமல், புதிதாக ஒரு சுற்றல் வந்து ஒரு நாள் முழுவதும் நிற்காமல் இருந்தால் அது வேறு. அது நோயின் புதுத் தாக்குதலாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும், ஸ்டீராய்டு ஏற்ற வேண்டியிருக்கலாம். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். உன் அத்தைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது யாருக்கும் இது தெரியாது. பித்தம் என்றார்கள். இஞ்சிச் சாறு, எலுமிச்சை, சுக்கு, எல்லாம் குடித்தேன். சுவரைப் பிடித்தபடி வாந்தியெடுத்த காலையில் நீ பள்ளிச் சீருடையோடு என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாய். உனக்கு இன்றும் என்னை நினைத்தால் அந்தக் காலைதான் முதலில் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவும் விவரமாக எழுதுகிறேன்.

நிமிர்ந்து நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போக வேண்டும்: கண், உட்காது, பாதமும் மூட்டுகளும். மூன்றையும் ஒத்துப் பார்ப்பது மூளைத்தண்டும் சிறுமூளையும். எனக்குத் தழும்பு விழுந்திருப்பது அங்கேதான். மூன்று சாட்சிகளும் ஆளுக்கொன்று சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? ஆகவே எனக்குக் கண்தான் பெரிய துணை. கண்ணை மூடினால் விழுந்துவிடுவேன். முகத்துக்குச் சோப்புப் போடும் அந்தச் சில நொடிகள்தான் ஒரு நாளில் எனக்கு மிக ஆபத்தான நேரம். அதனால் முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன். கண்ணை மூடும்போது ஒரு விரலைச் சுவரில் வைத்துக்கொள்கிறேன். சுவரைப் பிடிக்கவே வேண்டாம், விரல் நுனி பட்டால் போதும், உடம்புக்குத் திசை தெரிந்துவிடும். இரவில் மின்சாரம் போனால் டார்ச் கைக்கு வரும்வரை கட்டிலைவிட்டு இறங்குவதில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். எம்.எஸ். இருப்பவருக்கு வரும் தலைசுற்றல் எல்லாம் எம்.எஸ்.ஸால் வருவதல்ல. கல்லூரி நூலகத்தில் என் கடைசி வருடங்களில், மேல்தட்டுப் புத்தகத்துக்கு அண்ணாந்தால் அலமாரி அப்படியே என் மேல் சுழன்று வரும். அரை நிமிடத்தில் நின்றுவிடும். படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலும் அதேதான். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். நரம்பியல் மருத்துவர் மட்டும் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, என் விழிகள் துடிப்பதைக் கவனித்தார். உட்காதில் ஓரிடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டனவாம். யாருக்கும் வரக்கூடிய கோளாறு. எப்லி முறை என்று தலையை ஒவ்வொரு நிலையிலும் சற்று நேரம் நிறுத்தி, மெல்ல மெல்லத் திருப்பினார். சில நிமிட வேலை, மருந்தே இல்லை. அலமாரி நின்றுவிட்டது. அன்று அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். எம்.எஸ். என்ற பெயர் இருந்ததால் அந்தச் சோதனையைச் செய்யாமலே விட்டிருந்தால், காலம் முழுவதும் அதோடு கிடந்திருப்பேன்.

நீ அனுப்புவதாகச் சொன்ன தலைசுற்றல் மாத்திரைகள் வேண்டாம், ராஜா. வாந்தியோடு சுற்றும் அந்த இரண்டு மூன்று நாளைக்கு அவை தெய்வம்தான். அதற்கு மேல் தொடர்ந்து போட்டால், மூளை தானாகச் சரிசெய்துகொள்வதைத் தாமதப்படுத்திவிடும். மூளை அப்படிச் சரிசெய்துகொள்ள, தலையும் உடம்பும் அசைய வேண்டும். சுற்றுகிறதே என்று படுத்தே கிடந்தால் சுற்றல் குறையாது, இருக்கிற பலமும் போய்விடும்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிக்கு நம் கூடத்துத் தினசரி நாட்காட்டிதான் எனக்குக் கருவி. எதிரே நின்று, தேதி எண்ணில் கண்ணைப் பதித்து, கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். ஆரம்பத்தில் எண் குதிக்கும், இரண்டாகத் தெரியும், குமட்டும். லேசாகக் குமட்டும் அளவுக்குச் செய்தால்தான் பலன் என்றார். இப்போது நிதானமாக ஆட்டினால் எண் நின்ற இடத்தில் நிற்கிறது. வேகமாக ஆட்டினால் இன்னும் குதிக்கிறது.

பிறகு உத்திர வீதி. சமதளம், ஒவ்வொரு வாசலும் என் காலுக்குத் தெரியும், தள்ளாடினால் உட்காரத் திண்ணைகள் இருக்கின்றன. கையில் தடி உண்டு. கால் பலவீனத்துக்காக மட்டும் அல்ல, தடியைப் பார்த்தால்தான் வண்டிக்காரர்கள் ஒதுங்குகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயின் பெயரும் இருக்கிறது, ஆனாலும் பஸ்ஸில் அந்த இருக்கையில் உட்கார்ந்தால், நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். தலைக்குள் சுற்றுவது வெளியே தெரிவதில்லை. நீ இருக்கும் ஸ்காட்லாந்தில் இந்த நோய் மிக அதிகம், அதனால் உன் அலுவலகத்தில் சொன்னதும் புரிந்துகொள்கிறார்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். சென்ற முறை வந்திருந்தபோது நான் தடுமாறும்போதெல்லாம் பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தாய். பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியாதா? ஆனால் எதிர்பாராமல் யாராவது தொட்டால் எனக்கு இருக்கிற நிதானமும் போய்விடுகிறது. பக்கத்தில் வந்து முழங்கையை நீட்டு, நான் பிடித்துக்கொள்கிறேன். பின்னாலிருந்து கூப்பிடாதே, சட்டென்று திரும்பினால் தரை சாய்கிறது. முன்னால் வந்து பேசு. நடந்துகொண்டிருக்கும்போது கேள்வி கேட்காதே. நான் நின்றபிறகு கேள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

இப்போது எடின்பரோ. குளிர் எனக்கு உதவும், இருட்டு உதவாது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது என்று நீயே சொன்னாய். மேடும் பள்ளமுமான கல் பாவிய தெருக்கள், உறைந்த நடைபாதை, தரையே உணர முடியாத கனத்த பூட்ஸ். கண்ணையும் பாதத்தையும் நம்பி நிற்கிறவளுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கட்டிவிட்டால், அந்தப் பனிக்காலம் முழுவதும் உன் வீட்டு சோபாவில்தான் இருப்பேன். நீ வேலைக்குப் போனபின் நான் நடக்காமலே போய்விடுவேன். அதனால் நிரந்தரமாக வர மாட்டேன், கண்ணா. கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் அடுத்த வருடம் கத்திரிக்கு வருகிறேன். மே மாதத்தில் அங்கே இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்குமாமே! சித்திரைக் கடைசியில் வந்து ஆனியில் திரும்பிவிடலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். டிக்கெட் எடுக்கும்போது நடைபாதை ஓர இருக்கையாகப் பார், விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கும் சொல்லிவிடு, எனக்கு அதில் கூச்சம் எதுவும் இல்லை. உன் குளியலறையில் ஒரு கைப்பிடியும், கட்டிலிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கும் போட்டுவை. வழுவழுப்பான தரைவிரிப்பு இருந்தால் எடுத்துவிடு. விசாவுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று எழுது, இந்த மாதமே சேர்க்கத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
அம்மா